இடர்க்காலத்து ரோமக் காசுகள்

பழங்காசுகளைத் தேடித் தொகுத்தல் மேனாடுகளில் நெடுநாளாய் வழங்கிவரும் வழக்கம். நம் நாட்டிலும் அது கற்றோரிடைப் பரவி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அங்ஙனம் தொகுப்போருட் சிலர் அழகிய பொற்காசுகளையே விரும்புவர். சிலர் புகழ்பெற்ற சக்கரவர்த்திகளின் முகங்களை வரிசையாக அடுக்கிவைத்து மகிழ்வர். இவ்விரு திறத்தாரினும் வேறாக, அரசுகள் தள்ளாடிய காலத்தும், போரும் கொள்ளைநோயும் குடிகளை வருத்திய காலத்தும் அடிக்கப்பட்ட காசுகளையே நாடுவாரும் ஒரு சாரார் உளர். தேய்ந்தும் மங்கியும் மாற்றுக் குறைந்தும் கிடக்கும் அக்காசுகளை ஒருவர் விரும்பித் தேடுவது முதலில் விந்தையாகவே தோன்றும். ஆயினும் சிறிது சிந்திப்பார்க்கு அதன் நியாயம் விளங்காமற் போகாது. நல்ல காலத்துக் காசு அரசனுடைய பெருமையை உரைக்கும். இடர்க்காலத்துக் காசோ குடிகள் பட்ட பாட்டை உரைக்கும். சரித்திரம் அரசருடையது மட்டுமன்று, குடிகளுடையதும் ஆகும் என்று கொள்வோர் இரண்டாவதையே பெரிதாக மதிப்பர்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. இடர்க்காலத்துக் காசு தனித்து நின்று பேசுவதன்று. அது எந்த ஊரில், எத்துணை ஆழத்தில், எந்தக் காசுகளோடு கூடிக் கிடந்தது என்னும் செய்தி உடனிருந்தால் மட்டுமே அதற்கு வாயுண்டு. அச்செய்தியைத் தொலைத்துவிட்டுக் காசை மட்டும் சேர்ப்பவன் உமியைச் சேர்த்து நெல்லை இறைத்தவனாவான். இக்கருத்தை நம் தமிழ்நாட்டில் கிடைத்த ரோமக் காசுகளைக் கொண்டே நிறுவ முயல்வேன்.

ரோமாபுரியின் நாணய வரலாறு ஒருவகையில் அதன் துன்பங்களின் வரலாறேயாம். கி.பி. 64ஆம் ஆண்டில் ரோமாபுரியின் பெரும்பகுதி நெருப்புக்கு இரையாயிற்று. அவ்வாண்டை யொட்டியே நீரோ சக்கரவர்த்தி காசுகளின் எடையைக் குறைத்தான். ஒரு ராத்தல் வெள்ளியில் முன்னர் 84 தெனாரியங்கள் அடிக்கப்பட்டன. இப்போது 96 அடிக்கப்பட்டன. வெள்ளியோடு செம்பும் சற்று மிகுதியாகக் கலக்கப்பட்டது. பொற்காசும் ஒரு ராத்தலுக்கு 45 என்னும் அளவிற்கு இளைத்தது. நீரோ தொடங்கிய வழியிலே பின்வந்தோரும் நடந்தனர். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் சக்கரவர்த்திகள் ஒருவர் பின் ஒருவராகத் தம் படைவீரராலேயே கொல்லப்பட்டனர். 260ஆம் ஆண்டில் வலேரியன் என்பவன் பாரசீக மன்னன் ஷாப்பூரின் கையிற் சிறைப்பட்டான். அவன் மகன் கல்லியேனுஸின் ஆட்சி முடியும் தறுவாயில் வெள்ளிக்காசு என்று பெயர் பெற்றிருந்ததில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்கும் இல்லை. செம்பின்மேல் வெள்ளிப் பூச்சு ஒன்றே எஞ்சியது. சந்தையிற் சென்று அரிசியோ கோதுமையோ வாங்கவேண்டிய ஏழைக்கு இதனால் விளைந்த துன்பத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, இச்செய்திகளுக்கும் நம் நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு நெருங்கியது. யவனருடைய மரக்கலங்கள் முசிறித் துறைக்குப் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் வருகின்றது. கோயம்புத்தூர், கரூர் முதலிய இடங்களில் ரோமக் காசுகள் குவியல் குவியலாக வெளிப்பட்டன. நம் தாம்பரத்திற்கு அணித்தாய், முன்னர்ச் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்திருந்த மாம்பலத்திலும், நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு கலந்து அகஸ்துஸ் சக்கரவர்த்தியின் வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. ஆகவே ரோமாபுரியின் இன்பதுன்பங்கள் நம் முன்னோர் கைப்பொருளிலும் நிழலாடின என்பது வெறுங்கற்பனையன்று.

தமிழ்நாட்டிற் கிடைத்த வெள்ளிக்காசுகளை ஒருசேர நோக்கும்போது ஒரு வியப்பான உண்மை புலப்படுகின்றது. அவற்றுட் பெரும்பாலன அகஸ்துஸ், திபேரியுஸ் என்னும் முதலிரு சக்கரவர்த்திகளுடையன. திபேரியுஸின் காசுகளுள் மிகுதியாகக் கிடைப்பது, சுவிசேஷத்தில் வரிப்பணமாகக் கொண்டுவந்து காட்டப்பட்டது என்று பலரும் கருதும் அதே வகைக் காசேயாகும். நீரோ மாற்றுக் குறைத்த பின்னர் அடிக்கப்பட்ட வெள்ளிக்காசுகளோ நம் மண்ணில் மிக அரியன. இதனால் அறியக்கிடப்பது யாது? கடல் கடந்து வந்த காசின் முகத்தைக் கண்டு நம் வணிகர் மயங்கவில்லை. உரைகல்லையும் துலாக்கோலையுமே நம்பினர். பழைய நல்ல காசு இருக்கும்போது புதிய இளைத்த காசை அவர்கள் ஏற்க விரும்பவில்லை. ரோமாபுரியில் அரசாணையால் செல்லுபடியான காசு, கொங்குநாட்டுச் சந்தையில் தன் எடைக்கு மேல் ஒரு குன்றிமணியும் பெறவில்லை.

கடல் வாணிகத்தாற் பொருள் வெளியேறுவதைப் பற்றி ரோமரும் வருந்தியே யிருந்தனர். மாதர் அணியும் மணிகளுக்காக நம் செல்வம் அயலார்க்குப் போகின்றதே என்று திபேரியுஸ் 22ஆம் ஆண்டில் ஆட்சிமன்றத்திற்கு எழுதியதாகத் தாசித்துஸ் என்னும் சரித்திராசிரியர் குறித்துள்ளார். 33ஆம் ஆண்டில் ரோமாபுரியிற் கைமாற்றுப் பணத்திற்குப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. கடன் கொடுத்தோர் யாவரும் ஒரே காலத்திற் கடனைத் திருப்பிக் கேட்க, நிலங்கள் மலிந்த விலைக்கு விற்கப்பட்டன. சக்கரவர்த்தி 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை மூன்று ஆண்டுகளுக்கு வட்டியின்றிக் கடனாகக் கொடுத்து நிலைமையைத் தணித்தான். பின்னர்ப் பிளினி என்பவர் இந்தியா ஒன்றே ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸை உறிஞ்சுகின்றது என்று எழுதினார். நம் மிளகும் முத்துமே ரோமாபுரியின் பஞ்சத்திற்குக் காரணம் என்று துணிந்து கூறுதல் தகாது. அப்பஞ்சத்திற்கு உள்நாட்டுக் காரணங்களும் பலவாம். ஆயினும் அங்கே காசு அருகிய அதே தலைமுறையில் அவ்வரசன் தலை பொறித்த காசுகள் நம் நாட்டுப் பானைகளில் நிறைந்தன என்பதை மறுப்பாரில்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு கிடைத்த புதையல் இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. அதில் இருந்தவை 501 பொற்காசுகள். அகஸ்துஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான அரசருடையன. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில், அரசனுடைய தலையின்மேல் ஆழ்ந்த வெட்டு ஒன்று காணப்படுகின்றது. உட்பொன்னைச் சோதிக்க வெட்டினர் என்பார் சிலர். இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே கொள்ளப்படும் என்பதற்கு அடையாளம் இட்டனர் என்பார் சிலர். ஒரு காசு மட்டும் வெட்டுண்டு கிடைத்திருந்தால் அதனை எவனோ ஒரு மூடன் செய்த சேதம் என்று தள்ளியிருப்போம். வணிகன் ஒருவன் அதனைப் பழுதுபட்ட காசு என்று மலிந்த விலைக்கு விற்றிருப்பான். ஐந்நூறும் ஒருங்கே கிடைத்தமையாலன்றோ அவ்வெட்டு ஒரு வழக்கம் என்றும், அவ்வழக்கத்தின் பின் ஒரு கருத்து உண்டு என்றும் நாம் அறிந்தோம்!

மூன்றாம் நூற்றாண்டின் வெள்ளி பூசிய செப்புக்காசுகள் நம் நாட்டில் மிக மிக அரியன. இவ்வின்மையும் ஒரு சான்றே. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளிலோ காட்சி மாறுகின்றது. கரூரில் அமராவதி ஆற்றிலும், மதுரையில் வையையிலும், திருக்கோவலூரில் தென்பெண்ணையிலும் விரல் நகத்தினும் பெரிதாகாத செப்புக்காசுகள் பல கிடைத்துள்ளன. இலங்கையில் இவை ஆயிரக்கணக்கில் அகப்படுகின்றன; அவற்றைப் போலவே உள்நாட்டில் அடித்துக்கொண்ட போலிக் காசுகளும் உண்டு. தியோதோசியுஸ், அர்க்காதியுஸ், ஹொனோரியுஸ் முதலியோர் காலத்தன அவை. 408ஆம் ஆண்டில் அலாரிக் என்னும் காத்தியர் தலைவன் ரோமாபுரியை முற்றுகையிட்டு, அதனை விடுவதற்கு 5,000 ராத்தல் பொன்னும் 30,000 ராத்தல் வெள்ளியும் பட்டாடைகளும், அவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் பெற்றான். இரண்டாண்டுகளுக்குப் பின், 410இல், அந்நகரைக் கொள்ளையும் இட்டான். உலகத்தின் தலைநகர் எனப்பட்டது தன் உயிரை மிளகு கொடுத்து மீட்க முயன்ற அந்நாட்களில் ஆண்ட ஹொனோரியுஸின் காசு, நம் ஆற்றுமணலிற் கிடக்கின்றது. பொன்னாலான எந்தக் காசும் இச்செப்புத்துண்டைப் போல் நெஞ்சை அசைக்குமோ?

இத்துணைச் செய்தியும் எங்கிருந்து பெற்றோம்? ஓர் அழகிய காசினின்று அன்று. கூட்டத்தினின்றும், கிடைத்த இடத்தினின்றுமே பெற்றோம். புதையல் என்பது பெரும்பாலும் அச்சத்தின் குழந்தை. 1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கப்பல்கள் ஆங்கிலநாட்டு ஆற்றிற் புகுந்தபோது, சாமுவேல் பீப்ஸ் என்பவர் தம் பொன்னை நாட்டுப்புறத்துத் தோட்டத்தில் புதைப்பித்தார். அச்சம் நீங்கியபின் சென்று தோண்டி எடுத்துக்கொண்டார். எடுக்கப்பட்ட புதையலைப் பற்றி மண் ஒன்றும் சொல்லாது. நமக்குக் கிடைக்கும் புதையலோ, புதைத்தவன் திரும்பி வராமையாற் கிடைத்தது. அவன் இறந்தானோ, ஊரைவிட்டு ஓடினானோ, இடத்தை மறந்தானோ, தெய்வத்திற்கென்றே இட்டானோ யாம் அறியோம். கடைசிக் காசின் காலமும் பானை இருந்த நிலையுமே அவனைப் பற்றி நமக்குள்ள சாட்சிகள்.

2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாமர்செட் நாட்டைச் சேர்ந்த புரோம் என்னும் ஊருக்கருகே, உலோகம் காட்டும் கருவியோடு நிலத்தில் தேடிய ஒருவர் சில காசுகளைக் கண்டார். உள்ளே பானை ஒன்று உண்டு என்று உணர்ந்த மாத்திரத்தில் அவர் தோண்டுவதை நிறுத்தி, தொல்பொருள் வல்லாரை அழைத்தார். அவர்கள் படிப்படியாகப் பானையை வெறுமையாக்கி 52,503 காசுகளை எடுத்தனர். அவை மூன்றாம் நூற்றாண்டின் இடர்க்காலத்தன. அவற்றுட் பிற்பட்ட காலத்தனவாகிய கரவுசியுஸின் காசுகளிற் பல, பானையின் வாய்ப்புறத்தில் இராமல் கீழ்ப்பகுதியில் இருந்தன. ஆகவே அது ஆண்டாண்டாய் ஒருவன் சேமித்த உண்டியலன்று, ஒரேமுறையிற் கொட்டி நிரப்பப்பட்டது என்று தெளிந்தனர். அம்மனிதர் ஆவலை அடக்காது பானையைக் கவிழ்த்திருப்பின், காசுகள் அனைத்தும் கிடைத்திருக்கும்; இவ்வுண்மை மட்டும் கிடைத்திராது.

இவ்வாறு கூறுவதனால், தனியே காசு சேர்ப்போர் அனைவரையும் யான் பழிப்பதாக யாரும் கருதவேண்டா. மதுரையிலிருந்த டிரேசி என்னும் அமெரிக்க மிஷன் போதகரும், வேலூரிலிருந்த லோவெந்தால் என்னும் டேனிய மிஷன் போதகரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எவரும் மதியாத செப்புக்காசுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றைப் பற்றி எழுதியும் வைத்தனர். தினமலர் ஆசிரியராயிருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், கரூர், மதுரை ஆகிய இடங்களின் பிற்கால ரோமச் செப்புக்காசுகளை ஆராய்ந்து 1994இல் நூலாக்கினார்கள். இவர்கள் முயன்றிராவிடில் அவற்றுட் பல கன்னாருடைய உலையில் உருகிப் பாத்திரமாயிருக்கும். ஆனால் இவர்களைப் போற்றுவதற்குக் காரணம் காசு வைத்திருந்தமையன்று. ஊரையும் ஆற்றையும் குறித்துவைத்து, தாம் அறிந்ததை உலகறியச் செய்தமையே. காசைப் பெட்டியிற் பூட்டி, கிடைத்த இடத்தைக் கேட்டால் மறைக்கும் செல்வரை இவர்களோடு ஒப்பிடலாகாது.

நம் சுற்றுப்புறத்திலேயே இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூல் அறிஞர் பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றில் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அஃது ஆதிமனிதன் கையாற் செதுக்கப்பட்ட கருவி. வழியில் ஆயிரம்பேர் மிதித்துச் சென்றிருக்கக்கூடிய கல் அது. அதனை எங்கே, எந்த மண்படுகையில் எடுத்தார் என்பதையும் அவர் குறித்தமையாலேயே, பல்லாவரம் என்னும் பெயர் உலகத்தின் ஆராய்ச்சி நூல்களில் ஏறியது. விலையில்லாக் கல்லுக்கே இப்பெருமை யென்றால், விலையுள்ள காசுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் நகரத்தின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிவந்தபோது, இப்பகுதி காடும் வயலும் ஏரியுமாய் இருந்தது. இன்று சேலையூரிலும் மேடவாக்கத்திலும் வேளச்சேரியிலும் மாடிவீடுகள் எழுந்துவிட்டன, எழுந்துகொண்டும் இருக்கின்றன. அடித்தளத்திற்காகவும் கிணற்றுக்காகவும் சாக்கடைக்காகவும் மண் நாள்தோறும் பறிக்கப்படுகின்றது. இயந்திரம் ஒரு நாளில் வாரிக்கொட்டும் மண்ணைப் பண்டு நூறுபேர் கூடியும் வெட்டியிருக்க மாட்டார்கள். மாம்பலத்தில் இருந்தது இங்கேயும் இராதென்று யார் உறுதி கூறவல்லார்? தோண்டும் தொழிலாளி பானை ஒன்றைக் கண்டால் என் செய்வான்? பெரும்பாலும் தட்டானிடமோ பழைய இரும்புக் கடைக்காரனிடமோ செல்வான். அவனைக் குறைகூறுவது எளிது; ஆயினும் அவன் நிலையில் நின்று பார்த்தல் நம் கடன்.

1878ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவன் அதனைக் கலெக்டருக்கு எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. உரியவர் எவரும் இல்லையாயின், நாலில் மூன்று பங்கு கண்டவனுக்கும், எஞ்சியது நிலத்துக்குரியவனுக்கும் என்றும் வகுத்தது. அரசாங்கம் தானே அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால், அப்பொருளிலுள்ள உலோகத்தின் விலையும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தல் வேண்டும். அறிவியாது மறைத்தவனுக்குச் சிறையும் உண்டு. அந்நாளுக்கு இது நேர்மையான சட்டமே. ஆனால் இதன் அளவுகோல் உலோகம். பொன்னைக் கண்டவனுக்கு இதனால் ஓரளவு ஊதியம் உண்டு. சரித்திரத்திற்கு மிகவும் வேண்டப்படும் இடர்க்காலத்துச் செப்புக்காசுகளைக் கண்டவனுக்கோ ஒரு வேளைச் சோற்றுக்கும் போதாது. உலோக விலைக்காக ஏழை ஒருவன் வேலையை விட்டுக் கச்சேரி வாயிலில் காத்திருப்பான் என்று எதிர்பார்ப்பது பேதைமை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கண்டவனுக்கும் நிலத்துக்குரியவனுக்கும் சந்தைவிலைக்கு ஒப்பான வெகுமதி கிடைக்கின்றது. மேலே கூறிய புரோம் புதையலுக்கு 3,20,250 பவுன் மதிப்பிடப்பட்டது. அறிவிப்பவன் இழப்பதில்லை என்னும் நம்பிக்கை அங்கே உண்டு. அந்நம்பிக்கையை இங்கேயும் உண்டாக்குதல் வேண்டும். கண்டெடுத்தவனைக் கள்வன்போல் விசாரியாது விருந்தினன்போல் நடத்துவதும், வெகுமதியை உலோகத்தின் எடையால் அளவாது, கிடைத்த செய்தியின் அருமையால் அளந்து விரைவிற் கொடுப்பதும் அரசாங்கத்தின் கடமை என்பது என் துணிபு. தண்டனையால் வெளிப்பட்ட புதையலினும் மரியாதையால் வெளிப்படும் புதையல் மிகுதியாயிருக்கும்.

இவ்வாறு செய்தால் பொதுப்பணம் விரயமாகுமே என்பார்க்கு ஒன்று கூறுவேன். 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொன்மைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புவதைத் தடுத்துவிட்டது. எல்லையிற் காவல் வைத்தாயிற்று. ஆனால் கன்னாருடைய உலைக்கு எக்காவலும் இல்லை. கடல் கடந்து போன காசையேனும் ஒரு நாள் திருப்பிக் கேட்கலாம். உருகிப்போன காசை யாரிடம் கேட்பது?

மாணவ நண்பர்களே, அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் எழும்பூர் தொலைவன்று. அங்கே 1851இல் நிறுவப்பட்ட அரசினர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகளின் பெருந்தொகுதி ஒன்று உண்டு. எட்கர் தர்ஸ்டன் அவற்றுக்கு அட்டவணை எழுதி 1894இல் வெளியிட்டார். முதலிற் சென்று அவற்றைக் கண்டு பழகுங்கள். காசு சேர்க்க விரும்புவோர் விலைமிக்க பொன்னை நாடாது, மலிந்த செப்பையே நாடுங்கள். ஆயினும் எங்கே கிடைத்தது என்று சொல்ல மறுப்பவரிடம் எதனையும் வாங்காதீர்கள். வாங்குவார் கேட்கத் தொடங்கினால், விற்பாரும் குறித்துவைக்கத் தொடங்குவர். உங்கள் ஊரில் மண் தோண்டும்போது பழம்பானையோ காசோ வெளிப்பட்டதாகக் கேள்வியுற்றால், அதனைக் கலைக்காதபடி பார்த்துக்கொண்டு, இடத்தையும் ஆழத்தையும் எழுதி, படமும் பிடித்து, தாசில்தாருக்கோ தொல்லியல் துறையாருக்கோ உடனே தெரிவியுங்கள். எழுதத் தெரியாத தொழிலாளிக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும் கல்வியின் பயன்களுள் ஒன்றேயாம்.

இடர்க்காலத்துக் காசைப் புதைத்தவன் ஒரு நாள் மீண்டு வரலாம் என்னும் நம்பிக்கையோடுதான் பெரும்பாலும் புதைத்தான். அவன் வரவில்லை, அவனுக்குப் பதிலாக நாம் வந்திருக்கிறோம். அவன் பொருளை எடுப்பது நம் அதிர்ஷ்டம். அவன் கதையைக் கெடாமற் காப்பது நம் கடமை. அதிர்ஷ்டத்தை ஏற்றுக் கடமையை மறத்தல் கற்றோர்க்கு அழகன்று.